சிஸ்டம் சார் தனியாகப் பேசணுமாம்

"உங்க லேப்டாப் விஷயமா தனியா பேசணும் தம்பி. சாயங்காலம் வர்றேன். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

ஆபீஸ் சாட்டில் வந்திருந்த இந்தச் செய்தியைக் கீபோர்டு திரும்பத் திரும்பப் படித்தான். கடைசியில் ஒரு சிரிக்கிற முகமாவது போட்டிருக்கிறதா என்று தேடினான். இல்லை. முற்றுப்புள்ளிதான் இருந்தது. அனுப்பியவர், ஆபீஸ் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் சார். அவர் வழக்கமாக முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் கிடையாது. "சரி பா ஓகே" என்று எழுதிவிட்டு அப்படியே அந்தரத்தில் விட்டுவிடுவார். இன்றைக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு புள்ளி, ஆணி அடித்த மாதிரி.

கீபோர்டு என்பது அவன் சொந்தப் பேர் இல்லை. மவுஸைத் தொடுவதை அவன் ஒரு கௌரவக் குறைச்சலாக நினைத்ததால் ஆபீஸில் வைத்த பேர். சாஃப்ட்வேர் எழுதுவது அவன் வேலை. எந்நேரமும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ தட்டிக்கொண்டிருப்பான். பார்க்கிறவர்களுக்கு அவன் ராக்கெட் விடுவதுபோலத் தோன்றும். பெரும்பாலும் ஒரு ஃபைலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருப்பான்.

அந்த லேப்டாப்பில்தான் அவன் ரகசியம் இருந்தது.

ஆபீஸில் சேர்ந்தபோது எல்லாருக்கும் கொடுத்ததுபோல அவனுக்கும் விண்டோஸ் போட்ட லேப்டாப் கொடுத்தார்கள். அதை யாரும் மாற்றக்கூடாது என்பது விதி. கையெழுத்துக்கூடப் போட்டுக் கொடுத்திருந்தான். அந்த வாரமே அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொண்டான். கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு லினக்ஸ் இன்னொரு ஏற்பாடு. இலவசம், பிடித்தபடி பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொள்ளலாம், கெட்டுப்போனால் நாமேதான் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். கடைசியில் சொன்னது குறை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். கீபோர்டுக்கு அதுதான் சுகமே.

பக்கத்து இருக்கையில் டெஸ்டர் அக்கா இருந்தார். மற்றவர்கள் எழுதுகிற சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடிப்பது அவருக்குச் சம்பளம் தருகிற வேலை. சம்பளம் இல்லாத நேரத்திலும் அதைச் செய்வார்.

"அக்கா, சிஸ்டம் சார் யாருக்காவது தனியா பேசணும்னு மெசேஜ் போட்டிருக்காரா?"

"எனக்கு வரல. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அக்கா திரும்பாமலே சொன்னார். "போன தடவை டிசைனர்கிட்ட தனியா பேசினார். அவர் ஆபீஸ் மிஷின்ல ஏதோ கேம் போட்டு வச்சிருந்தாராம். அப்புறம் ஹெச்.ஆர். தனியா பேசினாங்க. அப்புறம் அந்த சீட்டுல பிரிண்டரைத் தூக்கி வச்சுட்டாங்க."

கீபோர்டு அந்தப் பிரிண்டரை எட்டிப் பார்த்தான். அதில் பேப்பர் தீர்ந்துபோய் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

அவன் மாடிப்படிப் பக்கம் போய் மனைவிக்குப் போன் செய்தான்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ்ல ஒரு சின்ன விஷயம். லேப்டாப்பைப் பாக்கணும்னு சிஸ்டம்ல இருந்து வர்றாங்க."

"அங்கயும் அந்த லினக்ஸையே போட்டு வச்சிருக்கீங்களா?"

"ஏதோ வேலைக்கு வசதியா இருக்கும்னு..."

"என்ன வசதி. நம்ம வீட்டு பிரிண்டர் ஒரு வருஷமா துணி போட்டு மூடிக் கிடக்கு. நான் ஒரு பக்கம் அடிக்கணும்னா எதிர் வீட்டுக்குப் போறேன். அவங்க என்னைப் பாத்ததுமே மிஷினை ஆன் பண்ணிடறாங்க."

"அது பிரிண்டரை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் பிரச்சனைம்மா. அடுத்த வெர்ஷன்ல வந்துடும்."

"இங்க பாருங்க. போன வேலை போனப்ப நீங்க வீட்ல இருந்தீங்களே, எனக்கு அதை மறக்க முடியல. டிவியைக் கழட்டி அதுக்குள்ள இதைப் போட்டீங்க. இன்னைக்கும் நான் சீரியல் பாக்கணும்னா பாஸ்வேர்டு கேக்குது. இன்னொரு தடவை நீங்க வீட்ல உக்காந்தா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போய் உக்காந்துக்குவேன்."

"இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"நேரா போய் உண்மையைச் சொல்லிடுங்க. இப்படி இப்படி, தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்க சார்னு. அவரும் மனுஷன்தானே?"

"சரிம்மா" என்று போனை வைத்தான். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் சொன்னால் போச்சு, சொல்லாவிட்டால் இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று அவனுக்குள் இருந்த சாஃப்ட்வேர்க்காரன் சொன்னான். இணையத்தில் ஒரு ஒப்பனை கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டால் லினக்ஸ், பார்வைக்கு அச்சு அசல் விண்டோஸ் மாதிரியே இருக்கும். அதே நீல வானம், அதே பட்டன், அதே கடிகாரம். சிஸ்டம் சார் வந்து தூரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் பிரச்சனை தீர்ந்தது.

இருக்கைக்கு வந்து அந்த ஒப்பனையை இறக்கினான். அது ஏற மாட்டேன் என்றது. இவனுடைய லினக்ஸ் பழசு, முதலில் அப்டேட் போட்டுவிட்டு வா என்றது.

அப்டேட் போடாமல் மாதக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் போடுவது, தூங்குகிற குழந்தையை எழுப்பி நல்லாத் தூங்குறியா என்று கேட்பதுபோல என்பது அவன் கொள்கை. ஆனால் இன்றைக்கு வேறு வழி இல்லை. கட்டளையைத் தட்டினான். திரையில் வெள்ளை எழுத்துகள் மழையாகக் கொட்ட ஆரம்பித்தன. வந்தது ஒரு பெரிய பட்டியல், ஒரு ஊரையே காலி செய்து குடிமாற்றுகிற மாதிரி.

பாதி ஓடியிருக்கும். பின்னால் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது.

மேனேஜர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவரைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் காலையிலிருந்து கீபோர்டின் உடம்பு அவன் பேச்சைக் கேட்கிற நிலைமையில் இல்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய் லேப்டாப் மூடியைப் பட்டென்று மூடியது.

"என்னப்பா, என்னைப் பாத்ததும் மூடிட்ட?"

"இல்ல சார், கண்ணுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்."

"நல்லது. எனக்கும் டாக்டர் அதைத்தான் சொன்னார். கண்ணை மூடிக்கச் சொன்னார், லேப்டாப்பை இல்ல." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, அடுத்த வாரம் காட்ட வேண்டிய ஒரு பக்கத்தைப் பற்றிச் சாவகாசமாகப் பேசினார். கீபோர்டு தலையை ஆட்டினான். மூடிக்குள் அப்டேட் பாதியில் தூங்கிப்போயிருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவன் மண்டையில் ஏறவில்லை. பாதி மாற்றிய நிலைமையில் மிஷின் தூங்கினால் எழுந்திருக்கும்போது தான் யார் என்பதே அதற்கு மறந்து போயிருக்கும்.

மேனேஜர் போனதும் மூடியைத் திறந்தான்.

திரை கறுப்பாக இருந்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அது கேட்கிற மாதிரி தெரியவில்லை. மின்னுவதே தன் வேலை என்று மின்னிக்கொண்டிருந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். மறுபடி போட்டான். இந்த முறை கறுப்பில் சில வெள்ளை வரிகள் வந்தன. படம் காட்டுகிற பாகம் கிடைக்கவில்லை, அவசர நிலைக்குப் போகிறேன், என்ன செய்யலாம் சொல் என்பது அதன் சாரம்.

அவசர நிலை என்ற வார்த்தையைப் பார்த்ததும் கீபோர்டு நாற்காலியை மேஜையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. போகிற வருகிற ஒருத்தருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அதற்கு முன்னால் வியர்த்துப்போய் ஒரு ஆள். அவர்கள் தினமும் பார்க்கிற காட்சிதான். மேனேஜர் யாரோ ஒரு விருந்தாளியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தவர், அவன் பின்னால் நின்று தாழ்ந்த குரலில், "எங்க ஆளுங்க எவ்வளவு மும்முரமா வேலை செய்றாங்க பாருங்க. தொந்தரவு பண்ண வேண்டாம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

கீபோர்டு போனை எடுத்து, திரையில் வந்த வரியை அப்படியே அடித்துத் தேடினான். உலகத்தில் இன்னொருத்தருக்கும் இதே வரி வந்திருந்தது. ஆசையாகத் திறந்தான். "மூன்று நாளாக இந்தப் பிரச்சனை, யாராவது உதவுங்கள்" என்று அந்த ஆள் எழுதியிருந்தார். கீழே அவரே, "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதியிருந்தார். எப்படிச் சரியானது என்று எழுதவில்லை. அதற்குக் கீழே பல நாட்டுக்காரர்கள் வரிசையாக வந்து, எப்படி என்று சொல்லிவிட்டுப் போங்கள் ஐயா என்று கெஞ்சியிருந்தார்கள். அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை.

இன்னோர் இடத்தில் ஒருவர் வழி சொல்லியிருந்தார். படம் காட்டுகிற பாகத்தை முழுசாகக் கழற்றிவிட்டுப் புதிதாக இறக்கிப் போடு என்றார். கீபோர்டு கழற்றினான். நன்றாகவே கழன்றது. புதிதாக இறக்க இணையம் வேண்டும். பார்த்தால், கூடவே வைஃபையும் கழன்றிருந்தது.

"என்ன கீபோர்டு, முகம் வெளிறிப் போச்சு?" என்றார் டெஸ்டர் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் உங்க சார்ஜர் வயரைக் கொடுங்க."

அந்த வயரால் போனை லேப்டாப்போடு இணைத்து, போனிலிருந்து இணையம் எடுத்தான். லேப்டாப் இணையத்தை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல் போனின் சார்ஜையும் உறிஞ்ச ஆரம்பித்தது. பாகம் முக்கால்வாசி இறங்கியபோது போன் அணைந்துவிட்டது. வழி சொல்லிக்கொண்டிருந்த மனிதரும் அதோடு அணைந்துபோனார்.

இனி மனப்பாடம்தான். அவனுக்கு ஞாபகம் இருந்த ஒரு கட்டளை, மிஷின் முதலில் எங்கிருந்து எழ வேண்டும் என்பதைப் புதிதாக எழுதிவைப்பது. அதில் டிஸ்க்கின் எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்றா, இரண்டா? கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, ஒன்று என்று தட்டினான்.

இரண்டு.

அது தெரிந்தது மறுபடி போட்டபோதுதான். அவசர நிலைகூட வரவில்லை. இங்கே எழுவதற்கு ஒன்றுமே இல்லை என்று ஒரே ஒரு வெள்ளை வரி வந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் லேப்டாப் அவனை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கீபோர்டும் அதைப் பார்த்தான். பிறகு நாற்காலியை டெஸ்டர் அக்கா பக்கம் உருட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். லினக்ஸ் போட்டது, மறைத்தது, மெசேஜ் வந்தது, ஒப்பனை, அப்டேட், ஒன்று, இரண்டு.

அக்கா கையில் இருந்த டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "நீ லினக்ஸ் வச்சிருக்கன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படிக்கா? நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லையே."

"மூடியில பெங்குவின் ஒட்டியிருக்கியே."

கீபோர்டு லேப்டாப் மூடியைத் திருப்பிப் பார்த்தான். லினக்ஸின் அடையாளமான குண்டுப் பெங்குவின், எதிரில் உட்காருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒட்டியது அவன்தான். அவன் பக்கம் தெரியாததால் அதை மறந்தே போயிருந்தான்.

"எல்லாருக்குமே தெரியுமா?"

"கவனிச்சவங்களுக்குத் தெரியும். மேனேஜர் அதை உன் பொண்ணு ஒட்டினதுன்னு நினைச்சுட்டிருக்கார்."

"எனக்குப் பொண்ணே இல்லையேக்கா."

"அதை நீ அவர்கிட்ட சொல்லிக்க. இப்ப என்ன பண்ணப்போற?"

அவன் நகத்தால் பெங்குவினைச் சுரண்ட ஆரம்பித்திருந்தான். அது சுலபத்தில் வரவில்லை. கால்கள் முதலில் போயின, பிறகு வயிறு. கடைசியில் பெங்குவின் வடிவத்திலேயே வெள்ளையாக ஒரு பசைத் தடம் மிச்சம் நின்றது. முன்பைவிட இப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது.

"ஒரே வழிதான் இருக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸே போட்டுடறேன். அவர் வந்து பாக்கும்போது கொடுத்த மாதிரியே இருக்கும்."

"விண்டோஸ் போடுற பென்டிரைவ் எங்க இருக்கு?"

அது சிஸ்டம் சார் ரூமில் இருந்தது.

சிஸ்டம் சார் ரூம் வராந்தாவின் கடைசியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. வழக்கமாகத் திறந்தே கிடக்கிற கதவு. உள்ளேயிருந்து யாரோ வேகமாகத் தட்டுகிற சத்தம், பிறகு நிசப்தம், பிறகு ஒரு பெருமூச்சு.

"காலையில இருந்து இப்படித்தான்" என்றார் அவனோடு வந்த டெஸ்டர் அக்கா. "சாப்பிடக்கூட வரல. ரிப்போர்ட் எழுதுறார்போல."

"யாரைப் பத்தி?"

அக்கா அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, எனக்கு வேலை இருக்கு என்று திரும்பிப் போய்விட்டார்.

கீபோர்டு தட்டினான். கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. அந்த இடுக்கில் சிஸ்டம் சாரின் முகம் தெரிந்தது. ஐம்பதைத் தாண்டிய, அமைதியான முகம் அது. இன்றைக்குத் தலை கலைந்து, கண் சிவந்து, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தன்மேல் இவ்வளவு கோபமா என்று கீபோர்டு நினைத்தான்.

"சாயங்காலம் வர்றேன்னேன்ல தம்பி?"

"அது சரி சார். ஒரு விண்டோஸ் பென்டிரைவ் வேணும். வீட்டுக்கு. என் மனைவி கம்ப்யூட்டருக்கு."

"வீட்டுக்கா?" சிஸ்டம் சார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போய்த் தேடி எடுத்துவந்து இடுக்கு வழியாக நீட்டினார். கீபோர்டு அதைப் பிடித்துக்கொண்டான். அவர் விடவில்லை. இருவர் கையிலும் பென்டிரைவ் இருந்தது.

"உங்க லேப்டாப் எப்படி ஓடுது?"

"பிரமாதமா ஓடுது சார்."

"சமீபத்துல அப்டேட் எதாவது போட்டீங்களா?"

இது பொறி என்று கீபோர்டுக்குப் பட்டது. ஆம் என்றால் எதில் என்று கேட்பார். "இல்ல சார். மாசக்கணக்கா எதையும் போடல."

சிஸ்டம் சார் கண்ணை மூடி மூச்சு விட்டார். தேடிக்கொண்டிருந்த ஆதாரம் கிடைத்துவிட்ட ஒரு போலீஸ்காரர் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது அது.

"நல்லது. அப்படியே இருக்கட்டும். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. புரியுதா? எதையும்."

கதவு சாத்திக்கொண்டது.

கீபோர்டின் கால்கள் அவனை இருக்கைக்கும், அங்கிருந்து லேப்டாப்போடு சின்ன மீட்டிங் ரூமுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. எதையும் தொடாதே என்கிறார். தடயத்தை அழிக்காதே என்று அர்த்தம். அப்படியானால் கண்டிப்பாக அழித்துவிட வேண்டியதுதான். மீட்டிங் ரூம் கதவைச் சாத்தி, கண்ணாடியில் திரையை இழுத்துவிட்டு, பென்டிரைவைச் செருகினான்.

அவன் எழுதிய வேலையெல்லாம் ஆபீஸ் சர்வரில் பத்திரமாக இருந்தது. காலையில் எழுதிய கொஞ்சம் மட்டும் போகும்; அதை மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால் மற்றவை? ஒவ்வோர் எழுத்தின் நிறத்தையும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருந்தான். எந்தப் பட்டனை அமுக்கினால் எந்தக் கதவு திறக்கும் என்பதை விரல்களுக்குப் பழக்கியிருந்தான். பேட்டரி குறைந்தால் இருமுகிற ஒரு சத்தம்கூட வைத்திருந்தான்; அந்த இருமல் அவனுடையதே. ஒருநாள் சளி பிடித்திருந்தபோது பதிவுசெய்தது. இது வெறும் மிஷின்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நம்பிக்கை வரவில்லை.

திரை கேட்டது. இந்த டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். தொடரலாமா?

விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. மனைவி சொன்னதுபோல எழுந்து போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தச் சிவந்த கண்கள் ஞாபகம் வந்தன. பிரிண்டர் வைத்த இருக்கை ஞாபகம் வந்தது. அமுக்கினான்.

போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தான். அதற்கு உயிர் வந்ததும் மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்னாச்சுங்க? சொல்லிட்டீங்களா?"

"சொல்ல வேண்டிய அவசியமே இல்லம்மா. விண்டோஸ் போட்டுட்டிருக்கேன்."

"நீங்களா?" அவள் குரலில் கவலை வந்தது. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"சரி, அழாதீங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து டிவியைப் பழையபடி மாத்திக் கொடுங்க, மனசு கொஞ்சம் லேசாகும்."

விண்டோஸ் ஏறியது. அவன் பேரைக் கேட்டது, மொழியைக் கேட்டது, கொஞ்சம் பொறு என்றது. அவன் பொறுத்தான். கடைசியில் நீல வானம் வந்தது. எல்லாரிடமும் இருக்கிற அதே வானம். வைஃபை சொல்லாமலே வந்து சேர்ந்துகொண்டது. சத்தம் கேட்டது. டிசைனர் சீட்டில் இருந்த பிரிண்டர்கூடத் தானாக வந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்றது. இவ்வளவு சுலபமாக எல்லாம் நடப்பதைப் பார்த்தபோது கீபோர்டுக்கு ஏதோ ஏமாற்றப்பட்டதுபோல இருந்தது. சரிசெய்ய ஒன்றுமே இல்லை. பழக்கமில்லாத கையால் மவுஸைப் பிடித்துச் சும்மா இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தான்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

சிஸ்டம் சார் உள்ளே வந்தார். வராந்தாவை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நெஞ்சோடு ஒரு பையை அணைத்துப் பிடித்திருந்தார். ரிப்போர்ட் என்று கீபோர்டு நினைத்தான். தடியான ரிப்போர்ட்.

"சீட்டுல காணோமேன்னு தேடினேன். யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்ல சார்."

"நல்லது." அவர் எதிரில் உட்கார்ந்தார். மேஜையில் இருந்த லேப்டாப் மூடியில் பெங்குவின் வடிவப் பசைத் தடத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "தம்பி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. உங்க மிஷின் விஷயம் எனக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும்."

இதுதான் அந்தக் கட்டம். இதற்காகத்தான் நாள் முழுக்கப் பட்ட பாடு. கீபோர்டு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

"யாரோ தப்பா சொல்லியிருக்காங்க சார். நீங்களே பாருங்க. ஆபீஸ்ல கொடுத்த அதே விண்டோஸ். நான் எதையும் மாத்தினதே கிடையாது."

சிஸ்டம் சார் பார்த்தார். நீல வானத்தைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். மவுஸை எடுத்து ஓரிரு இடத்தில் தட்டிப் பார்த்தார். திறந்ததெல்லாம் காலியாக இருந்தது. அவர் முகத்தில் இருந்த ரத்தம் மெல்ல மெல்ல இறங்கிப்போவது கீபோர்டுக்குத் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். ஏனோ சந்தோஷம் வரவில்லை.

"பழசு?" என்றார் அவர். குரல் சரியாக வரவில்லை. "இதுக்குள்ள பழசா ஒண்ணு இருந்ததே?"

"சுத்தமா எதுவும் இல்ல சார். நீங்க நம்பலாம்."

சிஸ்டம் சார் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்தது ரிப்போர்ட் இல்லை. ஒரு லேப்டாப். அதை மெதுவாக மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். கறுப்புத் திரை. அதில் கீபோர்டு இன்றைக்கு ஏற்கெனவே ஒருதரம் படித்திருந்த வெள்ளை வரிகள், எழுத்துக்கு எழுத்து அப்படியே.

"நானும் லினக்ஸ்தான் தம்பி, காலையில தெரியாத்தனமா அப்டேட் போட்டுட்டேன், ஆபீஸ் பாஸ்வேர்டு மொத்தமும் இதுக்குள்ள மாட்டிக்கிச்சு, இந்த ஆபீஸ்ல அப்டேட் போடாத இன்னொரு லினக்ஸ் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு, அதைப் பாத்துச் சரிபண்ணிக்கலாம்னுதான் நாள் பூரா பட்டினியா உக்காந்திருந்தேன்."